பாட்டு மலை மேலே... செருப்பு தலை மேலே!

ஒரு ரப்பர் செருப்பின் எடை எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? போன ஆடி மாதம் வரை எனக்கும் தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதுவே இருபதடி தூரத்திலிருந்து இருட்டில் பறந்து வந்து உச்சந்தலையில் உட்கார்ந்தால்... சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கிலோ!

அந்தச் செருப்பு எனக்காக வீசப்பட்டதில்லை. மேடையில் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் குறிவைத்தது. எறிந்தவருக்குக் கை வலு போதவில்லை. நடுவில் என் தலை இருந்தது. அவ்வளவுதான் என் பங்கு!

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மச்சினன் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒரு நாள் போன் பண்ணினான்.

"மாமா, எங்க ஊர்ல மாரியம்மன் திருவிழா. ராத்திரி பாட்டுக் கச்சேரி இருக்குது. அக்காவைக் கூட்டிக்கினு வந்துடுங்க. ஸ்வெட்டர் மறந்துடாதீங்க."

"கச்சேரிக்கு டிக்கெட் எவ்வளவு மாப்ளே?"

"டிக்கெட்டா? பாய் மட்டும் எடுத்துக்கினு வந்தாப் போதும் மாமா!"

இலவசம் என்று கேட்டதும் எந்த பி.காம். பட்டதாரியாவது சும்மா இருப்பானா? கிளம்பிவிட்டோம்.

சாமைச் சோறும் பலாச்சுளையும்

போளூர் வழியாக மலை ஏறினோம். ஜவ்வாது மலையை ஊட்டி, கொடைக்கானல் மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பளபளப்பு கிடையாது. ஜமுனாமரத்தூரில் ஒரு கடைத்தெரு, பக்கத்தில் கோலப்பன் ஏரி, கொஞ்சம் தள்ளி பீமன் நீர்வீழ்ச்சி. மற்றபடி புளிய மரம், பலா மரம், சாமைக் காடு, தேன். அங்கிருந்தும் உள்ளே தள்ளி ஒரு கிராமம்தான் நம்முடைய கச்சேரி ஸ்தலம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். மச்சினன் அங்கே இன்னும் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது!

இங்கே பெரும்பாலும் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். 'ஓ, கேரளாவா?' என்று கேட்டு நான் அசடு வழிந்தேன். நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். பேச்சு தமிழ். தங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

மத்தியானம் சாமைச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, பலாச்சுளை. சாப்பிட்டு முடித்ததும், பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார்.

பத்துப்பாட்டில் ஒன்று மலைபடுகடாம். 583 அடி. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவை ஆண்ட நன்னன் என்ற அரசனைப் பற்றியது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். அதில் வரும் சேயாறுதான் இந்த ஜவ்வாது மலையில் பிறந்து ஓடுகிற செய்யாறு. ஆக, பாட்டு இந்த வட்டாரத்துப் பாட்டு!

அதில் கதை என்ன தெரியுமா? வாத்தியம் வாசிப்பவர்கள் கூட்டமாக மலையேறிப் போகிறார்கள். முழவு, ஆகுளி, கொம்பு, குழல், பதலை என்று பெரிய பட்டியல். ஏற்கெனவே போய்ப் பரிசு வாங்கி வந்த கூத்தன் ஒருவன் வழி சொல்கிறான். எந்தப் பாதையில் பள்ளம் இருக்கும், எந்த ஊரில் சோறு போடுவார்கள், ராத்திரி எங்கே தங்கலாம் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறான். மலை ஊர்க்காரர்கள் கலைஞர்களைச் சொந்தக்காரர்கள் மாதிரி உட்காரவைத்து விருந்து போடுவார்களாம்.

"சங்க காலத்திலேயே கலைஞனை இப்படிக் கொண்டாடின மலை சார் இது!" என்றார் வாத்தியார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. அப்போது மணி நாலு. ராத்திரி எட்டு மணிக்கு அந்தச் சிலிர்ப்பு இறங்கிவிட்டது.

நாற்காலி மேல் ஒரு நண்பர்

கோயில் மைதானத்தில் மேடை. ஜிகுஜிகுவென்று கலர் லைட். இரண்டு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். கீழே சமவெளியிலிருந்து ஒரு மெல்லிசைக் குழு. ஏ.வி. ரமணன், லக்ஷ்மன் ஸ்ருதி, சாதகப் பறவைகள் என்று பெரிய குழுக்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நான். இவர்கள் அவ்வளவு பிரபலம் இல்லை. ஆனால் பாவம், பகலெல்லாம் வேன் குலுங்க வந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் ஜனங்கள் ஆறரைக்கே வந்து பாய் விரித்து அடக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள். நாங்களும் ஐந்தாவது வரிசையில். ஏழரை மணிக்கு மலைப்பாதையில் சர்ர்ர்ரென்று பைக்குகள். ஒரு பைக்கில் மூன்று பேர் வீதம் வெளியூர் ரசிகப் பெருமக்கள் வந்து இறங்கினார்கள். பல பேருக்கு ஏற்கெனவே 'சுருதி' சேர்ந்திருந்தது.

எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. எனக்கு முன்னால் போடப்பட்டது. ஒருவர் அதில் உட்காரவில்லை, ஏறி நின்றார்!

"கொஞ்சம் உட்காருங்க சார், பின்னாடி மறைக்குது."

திரும்பிப் பார்த்தார். "நீயும் ஏறி நில்லேன். யாரு வேணாம்னது?"

பதிலில் ஒரு நியாயம் இருப்பது போலத்தானே தெரிகிறது? இது முதல் வருஷம் எகனாமிக்ஸ் பாடத்தில் வரும். கூட்டத்தில் ஒருத்தன் எழுந்து நின்றால் அவனுக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் எழுந்து நின்றால் ஒருத்தருக்கும் கூடுதலாகத் தெரியாது. கால்வலி மட்டும் எல்லோருக்கும் பொது. பரீட்சையில் இதற்குப் பத்து மார்க் வாங்கியவன் நான். நாற்காலிக்காரரிடம் அதை விளக்க முடியுமா?

பக்கத்தில் இன்னொருவர் செல்போனில்: "மச்சான், கச்சேரில இருக்கேன்டா! ஒண்ணுமே கேக்கல! நீ இன்னும் கத்திப் பேசு!"

பின்னால் வேர்க்கடலைக் குடும்பம். தோலெல்லாம் என் கழுத்துக்குள்!

"போதும், எறங்கு!"

மெல்லிசைக்கு முன்னால் அரை மணி நேரம் ஊர்க்காரர்களின் மேளமும் ஆட்டமும் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அறுபது தாண்டிய ஒரு பெரியவர் தோல் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். கூட ஏழெட்டுப் பேர். வெள்ளை வேட்டி, தலைப்பாகை, காலில் சலங்கை.

பெரியவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஒரு தட்டு, ஒரு இடைவெளி. ஆடுகிறவர்கள் வட்டமாக நின்று, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. சூடு பிடிக்க நேரமாகும் ஆட்டம் அது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது...

"யோவ், போதும் எறங்கு!"

"பாட்டைப் போடுய்யா!"

விசில். ஊளை. பிறகு ஒரே தாளத்தில் கைதட்டல். பாராட்டுகிற கைதட்டல் இல்லை. விரட்டுகிற கைதட்டல். உங்களுக்கும் தெரிந்திருக்கும், கல்லூரி விழாக்களில் கேட்டிருப்பீர்கள்.

அறிவிப்பாளர் பயந்துபோய் மைக்கைப் பிடித்தார். "நேரமின்மை காரணமாக..."

பெரியவர் நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேளத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு படியிறங்கினார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் கைதட்டலில் நானும் சேர்ந்து தட்டினேன். நாலே நாலு தட்டு. சுற்றி எல்லோரும் தட்டுகிறார்கள், சீக்கிரம் சினிமாப் பாட்டு வரட்டுமே என்று கை தானாகப் போய்விட்டது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை!

சீட்டில் இருந்தது பாட்டு இல்லை

அப்புறம் மெல்லிசை. பாடிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். நல்ல குரல். 'நேயர் விருப்பம்' என்று துண்டுச் சீட்டு எழுதி அனுப்புவது நம் பழைய பழக்கம். அன்றைக்கும் சீட்டுகள் போயின. அந்தப் பெண் முதல் சீட்டைப் பிரித்தாள். படித்தாள். மடித்துக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தாள். இரண்டாவது சீட்டைப் பிரிக்கவே இல்லை. அதில் இருந்தது பாட்டுப் பெயர் இல்லை என்று கீழே எழுந்த சிரிப்பே சொல்லிவிட்டது.

மேடை ஓரத்தில், துணைக்கு வந்திருந்த அவள் அப்பா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை.

மேலே வந்து ஆடச் சொன்னார்கள். மறுத்தாள். அப்போதுதான் செருப்பு. உச்சந்தலை. ஒரு கிலோ!

'எறிந்தது யார்' என்று இரண்டு கோஷ்டிக்குள் தகராறு. நாற்காலிகள் காற்றில் பறந்தன. இருந்தது இரண்டே போலீஸ்காரர்கள். விழாக் குழுவில் ஒரு புத்திசாலி ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். ஊரே இருட்டு. கச்சேரி முடிந்தது!

ஊர்தோறும் இதே கதை

நம் மலைக்கிராமத்துக்கு மட்டும் வந்த வியாதியா இது? ஊஹூம்!

2023 செப்டம்பர் 10. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்'. மழையால் ஆகஸ்டில் தள்ளிவைக்கப்பட்ட நிகழ்ச்சி. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பல பேர் வாசலோடு திரும்பினார்கள். நெரிசலில் பெண்களிடம் தவறாக நடந்ததாகப் புகார்கள். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

2024 பிப்ரவரி 9. யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானம். ஹரிஹரன் கச்சேரி. காசு கொடுத்தவர்களுக்கு ஒரு பகுதி, இலவசமாக நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு பகுதி, நடுவில் தடுப்பு. தடுப்பு உடைந்தது. பின்னால் நின்றவர்கள் முன்னால் பாய்ந்தார்கள். நிகழ்ச்சியை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. அவ்வளவு ஜனத்தைத் தூரத்தில் நிறுத்தித் தடுப்புப் போட்டவர்கள் மேலும் தப்பு இருக்கலாம். அதற்காகக் கச்சேரிக்கு வந்த குழந்தை குட்டிகள் மேல் விழுவதா?

2023 நவம்பர் 25. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாட்டு நிகழ்ச்சி. வாசலில் இறங்குகிற படிக்கட்டு. உள்ளே போகத் தள்ளினார்கள். நாலு பேர் உயிரே போய்விட்டது.

இதில் மிதிபட்டுச் சாவதாகத்தான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லையாம். நின்றபடியே நெஞ்சு நசுங்கி, மூச்சு இழுக்க இடமில்லாமல் போய்விடுகிறது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் நாலு பேர் நின்றால் சமாளிக்கலாம். ஆறு, ஏழு என்று போனால் கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. பின்னால் ஒருத்தன் விளையாட்டாகத் தள்ளுவது அலை அலையாக முன்னால் போய், யாரோ ஒரு பெண்ணின் மேல் மொத்தமாக இறங்குகிறது. தள்ளினவனுக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு நாலு கைதட்டல் மாதிரி!

சரி, படித்தவர்கள் மட்டும் யோக்கியமா? மார்கழி மாதம் சென்னை சபாக்களில் போய்ப் பாருங்கள். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததுதான் தாமதம், பட்டுப்புடவைகளும் ஜிப்பாக்களும் எழுந்து கேன்டீனுக்கு நடையைக் கட்டும். விசில் இல்லை, செருப்பு இல்லை. ஆனால் 'எறங்கு' என்பதைக் காபி வாசனையோடு சொல்கிறார்கள். தோல் வாத்தியம் வாசிப்பவனுக்கு மலையிலும் அதே மரியாதை, மயிலாப்பூரிலும் அதே மரியாதை!

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் வருஷத்துக்கு 15 நாள் வரை நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு சலுகை தரலாம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 45 டெசிபல்தான் அளவு. அதாவது சாதாரணமாகப் பேசிக்கொள்கிற சத்தத்துக்கும் கீழே. நம் ஸ்பீக்கரில் வந்தது எவ்வளவு என்று கேட்காதீர்கள். எனக்கு மறுநாள் மத்தியானம் வரை காது 'ஙொய்ய்ய்' என்றது.

இருட்டில் ஒரு பாடம்

ஜெனரேட்டர் நின்றதும் பைக்குகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு மலையிறங்கின. கால் மணி நேரத்தில் மைதானம் காலி. நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மச்சினன் வீட்டுக்கு நடந்தோம்.

தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். அடேயப்பா! மேகம் விலகி, வானம் முழுக்க நட்சத்திரம். இத்தனை நேரம் கலர் லைட்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை. இந்த மலையின் இன்னொரு பக்கம் காவலூரில் வானோக்கு நிலையம் வைத்திருப்பது இந்த இருட்டை நம்பித்தான். 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தது. 1988-ல் அங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். அமைதியாக, இருட்டில், பொறுமையாகக் காத்திருந்தால் இந்த மலையில் என்னென்னவோ தெரிகிறது!

கூட டார்ச் அடித்துக்கொண்டு வந்த ஒரு எட்டாம் வகுப்புப் பையன் திடீரென்று கேட்டான்: "சார், மேளம் அடிச்சாரே, நல்லா இருந்துச்சா சார்?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"அது எங்க தாத்தா சார்."

எனக்குச் சுருக்கென்றது. பையன் நான் கை தட்டியதைப் பார்த்திருப்பானோ? முகம் தெரியாத இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

வழியில்தான் அவர்கள் வீடு. வாசலில் நெருப்பு மூட்டி, பெரியவர் மேளத்தின் தோலை அனலில் காட்டிக்கொண்டிருந்தார். "பனி எறங்குனா தோலு தளந்துடும் சாமி. சூடு காட்டி வெச்சாத்தான் கெடாது" என்றார்.

மனசு உறுத்தலில், "பெரியவரே, எங்களுக்காக இப்போ கொஞ்சம் வாசிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பாவத்தைக் கழுவ அவ்வளவு அவசரம்!

சிரித்தார். "இப்ப வாணாம் சாமி. ஊரு தூங்குற நேரம். காத்தால பொங்கலு வெக்கிறப்ப சாமிக்கு அடிச்சிட்டேன். எனக்கு அது போதும்."

ஒலி மாசு விதி எத்தனை மணிக்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அந்தப் பொண்ணு பத்திரமா எறங்கிப் போயிட்டாளா?" என்று மச்சினனைக் கேட்டார். மச்சினன், வேன் கிளம்பிவிட்டது என்றான். விழாக் குழுவிலிருந்து நாலு பேர் அடிவாரம் வரை பின்னாலேயே பைக்கில் போயிருக்கிறார்கள். "அதுங்க சாப்பிட்டுதுங்களா?" என்றார் அடுத்து. யாரும் சாப்பிடவில்லை. அத்தனை சோறும் கோயில் பந்தலில் அப்படியே இருந்தது.

பெரியவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நெருப்பைக் கிளறிவிட்டார். மலையேறி வந்த கலைஞர்கள் சாப்பிடாமல் இறங்கிப் போனது, தன்னை மேடையிலிருந்து இறக்கியதைவிட அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது போலிருக்கிறது.

கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த வருசமும் வாங்க சாமி. ஆனா, கூட்டம் வரதுக்கு முன்னாடி வாங்க."

கணக்குப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. படுத்தபடியே போட்டுப் பார்த்தேன். வரவு: சாமைச் சோறு, பலாச்சுளை, ஒரு வானம் நிறைய நட்சத்திரம், ஒற்றைச் செருப்பு (ஜோடி கிடைக்கவில்லை). செலவு: பஸ் சார்ஜ், தலையில் ஒரு வீக்கம், நாலு கைதட்டல்.

எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்த நாலு கைதட்டல் மட்டும் இடிக்கிறது. அடுத்த ஆடியில் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, பெரியவர் வாசித்து முடித்த பிறகு தட்டித்தான் அதை நேர் செய்ய வேண்டும். பாய் வாங்கி வைத்துவிட்டேன்.

நீங்களும் வருவதாக இருந்தால் வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். காலில் செருப்போடு வாருங்கள், காலில் செருப்போடு திரும்புங்கள்!